சந்தா செலுத்தாதிருக்கும் உரிமை

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அரசு ஊழியர் ஒருவரின் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், வருமான வரி, சேமநல நிதி, குழுக் காப்பீடு, கடன் தவணை ஆகிய பிடித்தங்களுக்கு இடையே சங்கச் சந்தா என்ற ஒரு சிறு தொகையும் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். மற்றப் பிடித்தங்களோடு ஒப்பிடும்போது இத்தொகை மிகச் சிறியது. ஆயினும் ஊழியர், சங்கம், அரசு ஆகிய மூவருக்கும் இடையிலான உறவு இந்தச் சிறு தொகையில் அடங்கியிருக்கிறது. இதனைக் கொடுக்க ஊழியர் சம்மதித்தது எப்போது? சம்மதத்தைத் திரும்பப் பெற அவருக்குச் சட்டத்தில் வழி உண்டா? அவர் திரும்பப் பெற்றால் சங்கத்திற்கு நேர்வது என்ன? நடுவில் நின்று பணத்தைப் பிடித்துக் கொடுக்கும் அரசு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இக்கேள்விகள் உலகின் பல நாடுகளில் நீதிமன்றங்களின் முன் வந்துள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இந்தியாவிலும் இவற்றிற்குக் கிடைத்துள்ள விடைகளை ஒப்பிட்டு நோக்குவது, ஆட்சித்துறையில் பணியாற்றுவோருக்கும் அதனைப் பயில்வோருக்கும் பயன் தரும்.

மூன்று வேறு செயல்கள்

முதலில் ஒரு தெளிவு தேவை. சங்கத்திலிருந்து விலகுவது, சந்தா செலுத்துவதை நிறுத்துவது, சம்பளத்திலிருந்து பிடிப்பதை நிறுத்தச் சொல்வது ஆகிய மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செயல்கள். முதலாவது, ஊழியருக்கும் சங்கத்திற்கும் இடையே சங்கத்தின் அமைப்பு விதிகளின்படி நடப்பது. இரண்டாவது, உறுப்பினர் என்ற தகுதியோடு கூடிய கடமை பற்றியது. மூன்றாவது, ஊழியர் தம் சம்பளத்தைப் பற்றித் தம் முதலாளிக்கு, அதாவது அரசுக்கு, இடும் கட்டளை. ஒருவர் சங்க உறுப்பினராக இருந்துகொண்டே, பிடித்தம் வேண்டாம், சந்தாவை நேரில் செலுத்துகிறேன் என்று கூற இயலும். உறுப்பினராகவே இல்லாத ஒருவரிடமிருந்தும் ஒரு கட்டணத்தைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் இடமளித்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் எழுந்த வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டெட்ராய்ட் ஆசிரியர்களின் வழக்கு

அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தின் அடிப்படை, ஒரு பணிப்பிரிவுக்கு ஒரே சங்கம் என்ற கொள்கையாகும். பெரும்பான்மை ஊழியர்களின் ஆதரவைப் பெற்ற சங்கம், அப்பிரிவிலுள்ள அனைவருக்கும், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் சேர்த்து, ஒரே பிரதிநிதியாகிறது. அதன் ஒப்பந்தம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அதற்கு ஈடாக, எவரையும் வேறுபாடின்றி நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை அச்சங்கத்தின்மேல் சுமத்தப்பட்டது. சேவை எல்லாருக்கும் கிடைக்கும்போது செலவை உறுப்பினர்கள் மட்டும் ஏற்பது முறையா என்ற கேள்வி இதனால் எழுந்தது. உறுப்பினர் அல்லாதவர்களும் ஒரு பங்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் விடை கண்டன.

டெட்ராய்ட் நகரின் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1977ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டை வகுத்தது. கூட்டுப் பேரம், ஒப்பந்த நிர்வாகம், குறைதீர்ப்பு ஆகியவற்றுக்கான செலவில் உறுப்பினர் அல்லாதவர்களும் பங்கு கொடுக்க வேண்டும். அப்பணிகளோடு தொடர்பில்லாத அரசியல், கொள்கைப் பிரசாரச் செலவுகளுக்கு அவர்களிடம் பணம் பெறலாகாது என்பது அத்தீர்ப்பு. 1986ஆம் ஆண்டு சிகாகோ ஆசிரியர் சங்கம் தொடர்பான வழக்கில், கட்டணம் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைச் சங்கம் விளக்க வேண்டும், ஆட்சேபணையை நடுநிலையாளர் ஒருவர் விரைவில் விசாரிக்க வேண்டும், வழக்கிலுள்ள தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்னும் பாதுகாப்புகளும் சேர்க்கப்பட்டன.

கோடு வகுப்பது எளிது. கணக்கில் காட்டுவது கடினம். சங்கத்தின் பத்திரிகையில் எந்தப் பக்கம் பேரத்தைச் சார்ந்தது, எந்தப் பக்கம் அரசியலைச் சார்ந்தது? சட்டமன்றத்தில் ஓய்வூதியச் சட்டத்திற்கு ஆதரவு திரட்டிய செலவு எந்தத் தலைப்பில் சேரும்? இத்தகைய வினாக்கள் நாற்பது ஆண்டுகள் நீடித்தன. 2012, 2014ஆம் ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடித்தளத்தையே ஐயுற்றன. 2016இல் கலிபோர்னிய ஆசிரியர்களின் வழக்கு வந்தபோது நீதிபதி ஒருவர் மறைந்துவிட்டமையால் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றனர். பழைய சட்டமே நிலைத்தது.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இல்லினாய் மாநிலத்தின் சுகாதார, குடும்பநலச் சேவைத் துறையில் குழந்தைப் பராமரிப்புத் தொகை தொடர்பான பணியில் இருந்தவர் மார்க் ஜேனஸ். அவர் சங்க உறுப்பினர் அல்லர். எனினும் மாதந்தோறும் அவர் சம்பளத்திலிருந்து 44.58 டாலர் பிடிக்கப்பட்டு, மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களின் சம்மேளனத்தைச் சார்ந்த சங்கத்திற்குச் சென்றது. இது முழுச் சந்தாவில் 78.06 சதவிகிதம். மாநில அரசு கடும் நிதி நெருக்கடியில் இருக்கும்போது சங்கம் மேற்கொள்ளும் பேர நிலைப்பாடுகள் தமக்கு உடன்பாடானவை அல்ல என்பது அவர் வாதம்.

2018ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் வாதம் இதுவே: தனியார் ஆலையில் நடக்கும் பேரம் வேறு, அரசோடு நடக்கும் பேரம் வேறு. அரசு ஊழியரின் ஊதியமும் ஓய்வூதியமும் மக்களின் வரிப்பணத்தைச் சார்ந்தவை. ஆகவே அவற்றைப் பற்றிச் சங்கம் கூறுவதெல்லாம் பொதுப் பிரச்சினை பற்றிய பேச்சே. ஒருவர் ஏற்காத பேச்சுக்கு அவரைப் பணம் கொடுக்க வைப்பது, அரசியற் சட்டத்தின் முதல் திருத்தம் அளிக்கும் பேச்சுரிமையை மீறுவதாகும். ஊழியர் தெளிவாகவும் தாமாகவும் சம்மதித்தாலன்றி அவரிடமிருந்து எந்தக் கட்டணமும் பிடிக்கக்கூடாது. நாற்பத்தோர் ஆண்டுப் பழைமையான டெட்ராய்ட் தீர்ப்பு இவ்வாறு நீக்கப்பட்டது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி எலீனா கேகனின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒரு முதலாளி என்ற முறையில் அரசு தன் அலுவலகங்களைச் செம்மையாக நடத்த வலிமையான, நிலையான சங்கம் ஒன்றோடு பேச விரும்பலாம். அச்சங்கத்தின் செலவுக்கு வழி செய்வதும் அந்த நிர்வாகத் தீர்மானத்தின் ஒரு பகுதியே. பயனைப் பெற்றுக்கொண்டு பங்கு தராதிருப்பவர் தொகை பெருகினால், சந்தா கொடுப்பவரும் ஏன் கொடுக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்குவார். பல மாநிலங்களின் சட்டங்களையும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களையும் ஒரே நாளில் கலைப்பது நீதிமன்றத்தின் வேலையா என்று அவர் வினவினார்.

தீர்ப்புக்குப் பின் எழுந்த கேள்விகள்

தீர்ப்பு உறுப்பினர் அல்லாதவர்களைப் பற்றியது. உறுப்பினராகி, பிடித்தத்துக்குக் கையெழுத்திட்டு, பின்னர் மனம் மாறியவரின் நிலை என்ன? சங்கங்களின் பல சம்மதப் படிவங்களில், ஓராண்டுக்குச் சம்மதத்தைத் திரும்பப் பெற இயலாது, குறிப்பிட்ட நாட்களுக்குள்ளேயே விலகல் கடிதம் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. வாஷிங்டன் மாநில ஊழியர்கள் தொடுத்த வழக்கில் 2020இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தாமாகக் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதன் காலம் முடியும் வரை கட்டுப்படுத்தும் என்று கூறியது. ஏற்கெனவே பிடிக்கப்பட்ட தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜேனஸ் கேட்டதை 2019இல் ஏழாம் வட்டார நீதிமன்றம் ஏற்கவில்லை. அன்று நடைமுறையிலிருந்த சட்டத்தை நம்பிச் சங்கம் நல்லெண்ணத்தோடு பெற்ற பணம் அது என்பது காரணம்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு இக்கட்டாயக் கட்டணம் என்றுமே இருந்ததில்லை என்பதையும் கருத வேண்டும். 1978ஆம் ஆண்டு சிவில் பணிச் சீர்திருத்தச் சட்டம், ஊழியர் விரும்பினால் பிடித்தத்திற்குச் சம்மதம் தரலாம், தந்தபின் ஓராண்டுக்கு அதனைத் திரும்பப் பெற இயலாது என்று விதித்தது. உரிமையை ஒப்புக்கொள்வது ஒன்று. அதனைப் பயன்படுத்தும் காலத்தையும் வழியையும் வரையறுப்பது மற்றொன்று. நடைமுறையில் ஊழியருக்கு இடையூறு பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தே வருகிறது.

இந்தியாவில் சட்டத்தின் நிலை

இந்தியாவில் பிரச்சினையின் உருவமே வேறு. உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடமிருந்து சங்கத்திற்குக் கட்டணம் பிடிக்கும் வழக்கம் இங்கு இல்லை. அரசியற் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்துள்ளது. அவ்வுரிமையில் சேராதிருக்கும் உரிமையும் அடிப்படை உரிமையாக அடங்கியிருக்கிறதா என்ற வினா, உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயிகள் தொடர்பான டீக்கா ராம்ஜி வழக்கில் 1956இலேயே உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. சேரும் உரிமை இருப்பதால் சேராமை உரிமையும் அடிப்படை உரிமையாகிவிடாது என்று நீதிமன்றம் கருதியது. எனவே அமெரிக்க ஊழியர் பேச்சுரிமையின் பேரால் பெற்ற பாதுகாப்பை, இந்திய ஊழியர் சட்டங்களிலிருந்தும் பணி விதிகளிலிருந்துமே பெறுகிறார்.

அச்சட்டங்கள் கூறுவது தெளிவானது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில், 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் உறுப்பினர் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து பிடிக்க இடம் தரப்பட்டது. ஆனால் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் அதற்கு முன்நிபந்தனை ஆக்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்நிபந்தனையைத் தொடர்கிறது. மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு, 1993ஆம் ஆண்டுப் பணிச் சங்கங்கள் அங்கீகார விதிகள் பொருந்துகின்றன. இங்கும் பிடித்தம் ஊழியரின் எழுத்துச் சம்மதத்தையே சார்ந்தது. சம்மதத்தின்மேல் நிற்கும் பிடித்தம், சம்மதம் நீங்கும்போது நீங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

முப்பத்தைந்து சதவிகிதத்தின் எடை

இந்தியாவில் இப்பிரச்சினைக்குத் தனித்தன்மை தருவது, சந்தாப் பிடித்தம் பணம் திரட்டும் வழியாக மட்டுமன்றி, சங்கத்தின் பலத்தை அளக்கும் கோலாகவும் அமைந்திருப்பதாகும். 1993ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பிரிவு ஊழியர்களில் குறைந்தது 35 சதவிகிதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்திற்கு அங்கீகாரம் உண்டு. அத்தகைய சங்கம் ஒன்றே இருக்குமாயின், அடுத்த நிலையிலுள்ள சங்கம் 15 சதவிகிதத்தினரைக் கொண்டிருந்தால் அதற்கும் அங்கீகாரம் தரலாம். இவ்வெண்ணிக்கை சம்பளப் பட்டியலில் உள்ள சந்தாப் பிடித்தத்தைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. இதற்குச் செக்-ஆஃப் முறை என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பிரிவில் 1,000 ஊழியர்கள் இருப்பதாகவும், ஒரு சங்கத்திற்கு 352 பேர் சந்தாப் பிடித்தத்திற்குச் சம்மதம் தந்திருப்பதாகவும் கொள்வோம். மூவர் மட்டும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எண்ணிக்கை 349 ஆகிவிடும். 35 சதவிகிதத் தகுதி போய்விடும். அங்கீகாரம் போனால் நிர்வாகத்தோடு பேசும் வாயிலும் அடைபடும். 1966ஆம் ஆண்டு ஏற்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பில் ஊழியர் தரப்பில் அமர்வதற்கு அங்கீகாரமே வழி. ஊதியம், படிகள், வார வேலை நேரம், விடுமுறை ஆகியவை பற்றி உடன்பாடு ஏற்படாதபோது கட்டாய நடுவர் தீர்ப்புக்குச் செல்லும் வாய்ப்பும் அவ்வமைப்பின் வாயிலாகவே கிடைக்கிறது.

ஆகவே ஓர் எழுத்தர் தம் சந்தாவை நிறுத்தக் கடிதம் தரும்போது, அது வீட்டுச் செலவைக் குறைக்கும் முயற்சியாகத் தோன்றினாலும், உண்மையில் வாக்குச் சீட்டு ஒன்றைத் திரும்பப் பெறும் செயலாகிறது. தலைமை தவறினால் உறுப்பினர் தண்டிக்கக்கூடிய சிறந்த வழியும் அதுவே. அச்செயலின் எடை மிகுதியாக இருப்பதாலேயே அதன்மேல் வரும் நெருக்குதலும் மிகுதி. வாக்குச் சீட்டு இரகசியமானது. சம்பளப் பட்டியல் அப்படிப்பட்டதன்று. யார் விலகினார் என்பதை அலுவலகம் முழுவதும் அறிய ஒரு நாள் போதும்.

இக்குறையை உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டது. இந்திய உணவுக் கழக ஊழியர் சங்கம் தொடர்பான 1995ஆம் ஆண்டு வழக்கில், செக்-ஆஃப் முறையா, இரகசிய வாக்கெடுப்பா என்ற வினா எழுந்தபோது, வாக்கெடுப்பு எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்துத் தந்தது. இரயில்வேயில் 2007, 2013, 2024ஆம் ஆண்டுகளில் இரகசிய வாக்கெடுப்பு வழியாகவே சங்கங்களின் அங்கீகாரம் தீர்மானிக்கப்பட்டது. வாக்கெடுப்பில் இரகசியம் காக்கப்படுகிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஊழியர் கருத்துக் கூற முடிகிறது. செக்-ஆஃப் முறையில் கருத்தை மாற்றும் வாய்ப்பு அடிக்கடி உண்டு, இரகசியம் இல்லை. அஞ்சல் துறையில் ஏப்ரல் மாதத்தில் விருப்பத்தை மாற்றிக் கடிதம் தந்தால் ஜூலை முதல் அது நடைமுறைக்கு வரும் வழக்கம், அடிக்கடி மாறுவதால் வரும் நிலையின்மைக்கும் என்றுமே மாற இயலாத கட்டுக்கும் இடையே காணப்பட்ட ஒரு சமரசம்.

அரசியல் நிதி

அமெரிக்க நீதிமன்றம் நாற்பது ஆண்டுகள் போராடிய அரசியற் செலவுப் பிரச்சினைக்கு இந்தியச் சட்டம் தொடக்கத்திலேயே ஒரு தீர்வு கண்டது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், சங்கத்தின் பொது நிதியை எவற்றிற்குச் செலவிடலாம் என்று பட்டியலிட்டது. அரசியல் நோக்கங்களுக்குத் தனி நிதி வேண்டும், அதற்குத் தனியே பணம் திரட்ட வேண்டும், எவரையும் அதற்குக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது, கொடுக்காதவரைச் சங்கத்தின் பயன்களிலிருந்து விலக்கவும் கூடாது என்று அது விதித்தது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கோ 1993ஆம் ஆண்டு விதிகள் அரசியல் நிதியையே மறுக்கின்றன. எந்த அரசியற் கட்சியின் கருத்தையும் பரப்ப அச்சங்கங்கள் கருவியாகக் கூடாது என்கின்றன. எனவே, தம் சந்தா தாம் ஏற்காத கட்சிக்குப் போகிறது என்று ஓர் ஊழியர் கருதினால், விலகுவதற்கு முன்பே கணக்குக் கேட்கும் உரிமையை அவர் பயன்படுத்தலாம்.

பயன் பெறுவோரும் பங்கு தருவோரும்

எஞ்சி நிற்பது நியாயம் பற்றிய கேள்வி. அகவிலைப்படி ஆணை வரும்போது சந்தா கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும் அது ஒரே அளவில் கிடைக்கிறது. பேச்சு வார்த்தைக்காக அலைந்தவர்களின் பயணச் செலவை ஏற்றவர்கள் சந்தா கொடுத்தவர்கள் மட்டுமே. இதனைக் கருதிய இரண்டாவது தேசியத் தொழிலாளர் கமிஷன் தன் 2002ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு நடுவழியைப் பரிந்துரைத்தது. எந்தச் சங்கத்திலும் சேராத தொழிலாளி, பேரம் நடத்தும் சங்கத்தின் சந்தாவுக்குச் சமமான தொகையைக் கொடுக்க வேண்டும். ஆனால் அப்பணம் சங்கத்திற்குச் செல்லாமல் சட்டபூர்வமான நலநிதி ஒன்றில் சேர வேண்டும் என்பது அப்பரிந்துரை. தாம் ஏற்காத சங்கத்தை வளர்க்கும் கட்டாயம் இதில் இல்லை. கொடுக்காமல் இருப்பதால் கிட்டும் இலாபமும் இல்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், 51 சதவிகித ஆதரவு பெற்ற சங்கமே பேரம் நடத்தும் ஒரே சங்கம் என்று விதித்து, அவ்வளவு ஆதரவு எதற்கும் இல்லாதபோது 20 சதவிகிதம் பெற்றவற்றைக் கொண்ட குழுவுக்கு வழி செய்கிறது. சேராதவரின் பங்கு பற்றிய பரிந்துரையை அது ஏற்கவில்லை.

கட்டாயத்தால் நிரம்பும் நிதி சங்கத்திற்கு வசதி. ஆனால் தலைவர்கள் உறுப்பினரைத் தேடிச் செல்லும் தேவையை அது குறைக்கிறது. முழுச் சுதந்திரம் ஊழியருக்கு வசதி. ஆனால் அடுத்த மேசைக்காரரின் சந்தாவில் தாம் பயன் பெறுகிறோம் என்பதை அது மறக்கச் செய்கிறது. அமெரிக்கா முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரே தீர்ப்பில் மாறியது. இந்தியா தொடக்கத்திலிருந்தே இரண்டாவதைப் பின்பற்றி, அதன் சுமையைச் சங்கங்களின் உழைப்பில் விட்டுள்ளது.

அலுவலரின் கடமை

இவற்றிடையே, சம்பளம் எடுத்து வழங்கும் அலுவலரின் கடமை சிறியதாயினும் முக்கியமானது. எழுத்துச் சம்மதம் இன்றி ஒரு ரூபாயும் பிடிக்கலாகாது. விலகல் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நாள் குறித்த ஒப்புகை தர வேண்டும். கடிதம் தர வேண்டிய காலமும், அது நடைமுறைக்கு வரும் மாதமும் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் அறிய இருக்க வேண்டும். விலகியவர் பெயரைக் கேட்டு வருவோரிடம் அதனைப் பேச்சுப் பொருளாக்கக் கூடாது. விலகும்படி ஊழியரைத் தூண்டுவதும், விலகாதிருக்கும்படி அச்சுறுத்துவோருக்குத் துணை நிற்பதும் ஒரே அளவில் தவறு. நிர்வாகத்திற்கு உவப்பில்லாத சங்கத்தின் எண்ணிக்கையைக் குறைக்கும் கருவியாகச் சம்பளப் பிரிவு மாறுமாயின், ஊழியரின் சுதந்திரத்தைக் காக்க வந்த விதியே சங்கச் சுதந்திரத்தை அழிக்கும் விதியாகிவிடும்.

சங்கங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆண்டு வரவுசெலவைத் தெளிவாக வெளியிட்டு, கிளைக் கூட்டங்களைத் தவறாது நடத்தி, குறை சொல்ல வருபவரின் மனுவைக் கையில் எடுத்துச் செல்லும் சங்கம், சந்தா நிறுத்தும் உரிமை இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு செய்யாத சங்கத்திற்கு, ஊழியரின் கடிதம் சம்பளப் பிரிவுக்கு வந்து சேரும்போதுதான் அவருடைய குறை என்னவென்று முதன்முறையாகத் தெரிய வருகிறது.